கூட நிற்கும் துணையும் விலகி நிற்கும் துணையும்

பாலைவன ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்த நண்பர் இரண்டு விதமாக நம்மிடம் வரலாம். “நீ வந்தால்தான் நான் ஓட முடியும்” என்பது ஒன்று. “நீ அங்கே வர முடியாது, ஆனாலும் நீ வேண்டும்” என்பது மற்றொன்று. முதல் அழைப்பு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், டெத் வேலி பள்ளத்தாக்கில் நடக்கும் பேட்வாட்டர் 135 பந்தயத்துக்கு உரியது. இரண்டாவது, மொராக்கோவின் தென்பகுதியில் சஹாராவைக் கடந்து ஓடும் மராத்தான் தே சாப்ல் பந்தயத்துக்கு உரியது. முன்னதில் துணைக்குழு இல்லாதவரைத் தொடக்கக் கோட்டிலேயே நிற்க விடமாட்டார்கள். பின்னதில் வெளியாள் கையிலிருந்து எதை வாங்கிச் சாப்பிட்டாலும் விதிமீறல்.

இரண்டில் எது கடினம் என்ற விவாதம் ஓட்டக்காரர்களுக்குள் ஓய்வதே இல்லை. இந்தக் கட்டுரையின் அக்கறை வேறு. உயிரை உறிஞ்சும் வெயிலில் ஒருவர் தானே விரும்பி இறங்கும்போது, அவரை நேசிக்கிற இன்னொருவர் செய்யக்கூடியது என்ன? செய்யக்கூடாதது என்ன? இந்தக் கேள்விக்கு இரண்டு பந்தயங்களும் எதிரெதிரான விடைகளைத் தங்கள் விதிப்புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன. அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால், துணை என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிற ஒன்றுக்குள் எத்தனை வேலைகள் இருக்கின்றன என்பது விளங்கும்.

பிறந்த கதை

இரண்டு பந்தயங்களுமே தனிமனிதர் ஒருவரின் பிடிவாதத்தில் பிறந்தவை. அல் அர்னால்ட் என்ற அமெரிக்கர் டெத் வேலியின் பள்ளத்திலிருந்து விட்னி மலையின் உச்சிவரை ஓடிவிட முயன்றார். 1974-இல் உடலில் நீர் வற்றி நின்றுபோனார். 1975-இல் முழங்கால் கைவிட்டது. 1977-இல் மூன்றாம் முறையாக இறங்கி முடித்தார். அப்போது அவருக்குத் தண்ணீர் கொடுக்க வாகனத்தில் ஒருவர் கூடவே வந்தார். 1987-இல் பலர் கலந்துகொள்ளும் பந்தயமாக அது மாறியபோது, சாலையோர வாகனமும் அதிலிருந்து நீளும் கையும் பந்தயத்தின் உடம்போடு ஒட்டிக்கொண்டன.

சஹாராவின் கதை வேறு. இசை நிகழ்ச்சிகள் நடத்திவந்த பிரெஞ்சுக்காரர் பத்ரிக் பவர், 1984-இல் 35 கிலோ மூட்டையைச் சுமந்துகொண்டு அல்ஜீரியப் பாலைவனத்தில் சுமார் 350 கிலோமீட்டரைப் பன்னிரண்டு நாளில் தனியாக நடந்து கடந்தார். தனக்குக் கிடைத்ததைப் பிறருக்கும் கொடுக்க வேண்டும் என்று 1986-இல் மொராக்கோவில் பந்தயத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டு வந்தவர்கள் 23 பேர். இன்று உலகம் முழுவதிலிருந்தும் நூற்றுக்கணக்கில் வருகிறார்கள். ஆனாலும் விதி பவரின் மூட்டையை விட்டு விலகவில்லை: உன் உணவு, உன் படுக்கை, உன் மருந்து எல்லாம் உன் முதுகில்.

ஆக, அர்னால்டின் பயணத்தில் துணை இருந்தது, பவரின் பயணத்தில் இல்லை. ஒருவருக்குப் பொருந்திய வழி, பின்னால் வந்த ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சட்டமானது.

களம்

பேட்வாட்டர் 135 என்ற பெயரில் உள்ள எண் மைல் கணக்கு. கிலோமீட்டரில் 217. கடல் மட்டத்துக்குச் சுமார் 85 மீட்டர் கீழே உள்ள உப்புப் பள்ளத்தில் தொடங்கி, விட்னி மலையின் அடிவாரத்தில் சுமார் 2,530 மீட்டர் உயரத்தில் உள்ள விட்னி போர்ட்டலில் முடிகிறது. நடுவில் மலைத்தொடர்கள். மொத்த ஏற்றம் ஏறக்குறைய 4,450 மீட்டர். நடப்பது ஜூலையில். உலகின் மிக அதிகமான காற்று வெப்பநிலையாகப் பதிவேட்டில் இருக்கும் 56.7 டிகிரி செல்சியஸ், 1913 ஜூலை 10 அன்று இதே பள்ளத்தாக்கில் உள்ள ஃபர்னஸ் கிரீக்கில் பதிவானது. நூறு பேர் வரை ஓடுகிறார்கள். 48 மணி நேரத்துக்குள் ஒரே மூச்சாக முடிக்க வேண்டும். கூடாரம் கிடையாது, இரவுத் தங்கல் கிடையாது. முடித்தவருக்குக் கிடைப்பது ஒரு பெல்ட் பக்கிள். பரிசுப்பணம் இல்லை.

மராத்தான் தே சாப்ல் சுமார் 250 கிலோமீட்டர், ஒரு வாரத்தில் பல கட்டங்களாக ஓடுவது. அவற்றுள் ஒன்று நீண்ட கட்டம்: 80, 90 கிலோமீட்டர் வரை போகும். பலர் அதை இரவு முழுவதும் நடந்து மறுநாள்தான் முடிப்பார்கள். மணல்மேடு, கல்தரை, வறண்ட ஏரிப்படுகை என்று நிலம் மாறிக்கொண்டே இருக்கும். மாலையில் திறந்த பெர்பர் கூடாரத்தில் எட்டுப் பேர் வரை தங்குவார்கள். தண்ணீரைத் தவிர்த்து மூட்டையின் எடை 6.5 கிலோவுக்குக் குறையக் கூடாது, 15 கிலோவைத் தாண்டக் கூடாது. நாளொன்றுக்குக் குறைந்தது 2,000 கலோரி உணவு அதற்குள் இருக்க வேண்டும். திசைகாட்டி, விசில், கண்ணாடி போன்றவை கட்டாயம்.

இரண்டுக்கும் பொதுவானது வெயில். பிரிப்பது நேரத்தின் அளவு. டெத் வேலியில் எல்லாம் இரண்டு நாளுக்குள் நடந்து முடிந்துவிடுவதால் தவறு நடந்தால் நிமிடக் கணக்கில் திருத்த வேண்டும். சஹாராவில் இன்றைய தவறு நாளை மறுநாள்தான் பழிவாங்கும். துணையின் இயல்பை முடிவு செய்வது இந்த வேறுபாடுதான்.

கையில் கொடுப்பதும் மூட்டையில் வைப்பதும்

டெத் வேலியில் துணைக்குழு என்பது இரண்டு முதல் நான்கு பேர், ஒரே ஒரு வாகனம். வாகனம் ஓட்டக்காரரின் வேகத்தில் ஊர்ந்து பின்தொடரக் கூடாது. முன்னால் போய், சாலையை விட்டு முழுவதும் விலகி நின்று காத்திருந்து, அவர் வந்து கடந்ததும் மறுபடி முன்னால் போக வேண்டும். இது பல பத்துத் தடவை நடக்கும்.

ஒரு நிறுத்தத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். ஓட்டக்காரர் தூரத்தில் புள்ளியாகத் தெரியும்போதே ஒருவர் ஐஸ் பெட்டியைத் திறந்து, துணிப்பட்டியின் மடிப்புக்குள் ஐஸ்கட்டிகளைத் திணித்து முடிகிறார். இன்னொருவர் தொப்பிக்குள் ஒரு கை ஐஸ் போடுகிறார். மூன்றாமவர் குளிர்ந்த பாட்டிலோடு சில அடி எதிரே போகிறார். ஓட்டக்காரர் வந்ததும் காலிப் பாட்டில் கைமாறுகிறது, கழுத்தில் பட்டி ஏறுகிறது, முதுகில் தண்ணீர் பீய்ச்சப்படுகிறது. எவ்வளவு குடித்தார், உப்பு மாத்திரை எப்போது போட்டார், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்று ஒருவர் நோட்டில் குறிக்கிறார். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் இந்த வேலையில் வீரச்சொல் எதுவும் இல்லை. இரவும் பகலும் இதையே சலிக்காமல் செய்வதுதான் துணை. காற்று அவ்வளவு வறண்டிருப்பதால் வியர்வை தோலில் தங்காமல் ஆவியாகிவிடும். வியர்க்கவே இல்லை என்று ஓடுகிறவருக்குத் தோன்றும். தெளித்த தண்ணீரும் அதே வேகத்தில் ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கும். அந்த நோட்டும் அந்தப் பீய்ச்சுக்குழாயும்தான் அங்கே உயிர்காக்கும் கருவிகள்.

சஹாராவுக்குப் போகும் நண்பருக்கு உதவுகிறவரின் வேலை அனைத்தும் விமானம் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடும். அது சாப்பாட்டு மேசையிலும் செருப்புத் தைப்பவரின் கடையிலும் நடக்கிறது. மணல் புகாமல் இருக்கக் காலணியைச் சுற்றி வெல்க்ரோ பட்டி தைத்து, அதன்மேல் துணியுறை ஒட்ட வேண்டும். பசை போட்டு ஒட்டினால் மட்டும் போதாது, வெயிலில் பிரிந்துவிடும். தைக்கத்தான் வேண்டும். உலர் உணவுப் பொட்டலங்களைப் பெரிய உறையிலிருந்து சிறிய பைக்கு மாற்றி, கலோரி அளவு தெரியும்படி ஒவ்வொன்றிலும் அதன் சீட்டை வைக்க வேண்டும், சோதனையில் கேட்பார்கள். பல்துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைக்கூட வெட்டிக் குறைப்பார்கள். சமையலறைத் தராசில் ஒவ்வொரு பொருளும் ஏறி இறங்கும். “இது வேண்டுமா?” என்று கேட்க ஒருவர் பக்கத்தில் இருப்பதே பெரிய உதவி, ஏனென்றால் தனியாக மூட்டை கட்டுகிறவருக்குப் பயம்தான் பொருளாக மாறி உள்ளே போகிறது.

ஒப்பிட்டால், முதல் துணை பொருளைச் சேர்க்கிறது, இரண்டாவது துணை பொருளைக் கழிக்கிறது. டெத் வேலிக்காரர் ‘இதுவும் இருக்கட்டும்’ என்று வண்டியை நிரப்புவார், சஹாராக்காரர் ‘இது இல்லாமலும் முடியும்’ என்று நண்பரை நம்பவைப்பார்.

தண்ணீர்

பேட்வாட்டரில் குடிக்கத் தண்ணீருக்கு அளவில்லை, குழு கொண்டுவந்தது எல்லாம் உண்டு. அதனால் இரண்டு பக்கமும் ஆபத்து. குறைவாகக் குடித்தால் வெப்பத்தாக்கு. பயத்தில் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறி ஊற்றிக்கொண்டால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், விரல் வீங்கி, குமட்டல் வந்து, புத்தி தடுமாறும். இரண்டு நிலைக்கும் வெளி அடையாளங்கள் கிட்டத்தட்ட ஒன்றே. அன்பு மிகுந்த துணை இங்கேதான் தவறிழைக்கும். சோர்ந்தவரைப் பார்த்தால் “இன்னும் கொஞ்சம் குடி” என்றுதான் வாய் சொல்லும். நோட்டைப் புரட்டிப் பார்க்கிறவர் மட்டுமே, தேவை தண்ணீரா, உப்பா, நிழலா என்று சொல்ல முடியும்.

சஹாராவில் தண்ணீரைப் பந்தயமே தருகிறது. நெடுங்காலம் அதை அளந்துதான் கொடுத்தார்கள். அந்த நடைமுறையில் சோதனைச் சாவடிகளில் பாட்டில் வாங்கும்போது ஓட்டக்காரரின் அட்டையில் துளை போடுவார்கள். பாட்டிலிலும் மூடியிலும் அவர் எண்ணை எழுதுவார்கள், பாலையில் வீசியெறிந்தால் யாருடையது என்று தெரிந்துவிடும். கூடுதல் தண்ணீர் கேட்டால் நேரத் தண்டனை இருந்தது. இங்கே கணக்குப் போட நோட்டோடு நிற்கும் நண்பர் இல்லை. அந்தக் கணக்கு ஓடுகிறவரின் பழக்கமாக முன்பே ஊறியிருக்க வேண்டும். வெயிலுக்கு உடம்பு பழக இரண்டு வாரம் வரை ஆகும். ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், அதில் உப்பு குறையும். அந்த நாள்களில் நீராவி அறைக்குள்ளோ உச்சி வெயிலிலோ பயிற்சி செய்பவரோடு போய், அவர் எப்போது தலைசுற்றல் என்கிறார், எவ்வளவு குடித்தால் சமநிலை என்று சேர்ந்து கவனித்த நண்பர், சஹாராவுக்குப் போகாமலே அங்கே இருக்கிறார் என்றுதான் சொல்வேன்.

யோசிப்பது யார்?

இதுவே இரண்டுக்கும் நடுவில் உள்ள பெரிய பிளவு. கடும் வெயிலில் உடம்பு ரத்தத்தைத் தோலுக்குத் திருப்பும். குடலுக்குப் போகும் ரத்தம் குறையும். உணவு வயிற்றில் கிடந்து வாந்தியாகும். தூக்கமும் இல்லாதபோது மூளை தெளிவிழக்கும். தன் நிலையைத் தானே மதிப்பிடும் திறன்தான் முதலில் போகிறது, போனது தெரியாமலே போகிறது.

பேட்வாட்டரின் விதி இதை ஒப்புக்கொண்டு, யோசிக்கும் வேலையைக் குழுவுக்கு மாற்றுகிறது. 2005-இல் ஸ்காட் ஜூரெக் பாதி வழியில் சாலையோரம் விழுந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஓட்டத்தில் அவருடைய குழு அவரை ஐஸ் தண்ணீர் நிரப்பிய பெரிய பெட்டிக்குள் இறக்கிக் குளிரவைத்தது. எழுந்தவர் 24 மணி 36 நிமிடத்தில் முதலாவதாக முடித்தார், அந்தத் தடத்தில் அன்றைக்கு அதுவே சாதனை. எழுந்து ஓடிய கால் அவருடையது. அவரைக் குளிரவைக்க வேண்டும், ஓட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை என்று கண்டுகொண்ட மூளை நண்பர்களுடையது.

சஹாராவில் அந்த மூளையைக் கடன் வாங்க முடியாது. 1994-இல் இத்தாலியைச் சேர்ந்த காவல்துறை அதிகாரி மவ்ரோ ப்ரோஸ்பெரி மணற்புயலில் சிக்கினார். பட்டியலில் முன்னணியில் இருந்த இடம் போய்விடக் கூடாதென்று புயலுக்குள்ளேயே நகர்ந்துகொண்டிருந்தார். காற்று அடங்கியபோது தடம் இல்லை. பாழடைந்த ஒரு சமாதிக் கட்டடத்தில் வௌவால்களைப் பிடித்துத் தின்று உயிர் பிழைத்தார். ஒன்பது பத்து நாளுக்குப் பின் அவர் நாடோடி மக்களின் கண்ணில் பட்டபோது எல்லை தாண்டி அல்ஜீரியாவுக்குள் இருந்தார். புயல் வந்தால் நின்ற இடத்தில் நில் என்பது அவருக்குத் தெரியாததல்ல. பக்கத்தில் “உட்கார்” என்று சொல்ல ஒருவர் இருந்திருந்தால் போதும். இப்போது ஒவ்வொருவரும் இருப்பிடம் காட்டும் கருவியோடு ஓடுகிறார்கள், பொத்தானை அழுத்தினால் உதவி வரும். ஆனால் அழுத்த வேண்டும் என்ற முடிவை எடுப்பது இன்றும் ஓடுகிறவரின் களைத்த மூளைதான்.

இதனால் சஹாராவுக்கு அனுப்புகிற நண்பர் செய்யவேண்டிய முதல் வேலை, ‘இப்படி ஆனால் இதைச் செய்’ என்ற தீர்மானங்களை ஓடுகிறவரே தன் வாயால் சொல்லும்படி முன்கூட்டியே கேட்டுக் கேட்டுப் பதியவைப்பது. புயல் வந்தால்? இரண்டு முறை வாந்தி எடுத்தால்? கால் கொப்புளம் சீழ் வைத்தால்? கேள்விகள் எரிச்சலூட்டும். ஆனால் களத்தில் மூளை மங்கும்போது நினைவுக்கு வருவது பலமுறை சொல்லிப் பழகிய பதில் மட்டுமே.

இரவும் பேச்சும்

டெத் வேலியில் முதல் பகுதியைக் கடந்த பிறகு குழுவில் ஒருவர் மாறி ஒருவர் கூட ஓடலாம். ஆனால் ஓட்டக்காரருக்குப் பின்னால்தான் ஓட வேண்டும், முன்னால் இழுத்துக்கொண்டு போகக் கூடாது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. துணைக்கு வந்தவர் வேகத்தைத் தீர்மானிக்க முடியாது, வழியை மறைக்க முடியாது, குரலாக மட்டும் கூடவே வரலாம். நள்ளிரவில் தலைவிளக்கின் வட்டத்துக்குள் இருவர் மட்டும் நடக்கும்போது பேச்சு மருந்தாகும். வீட்டுக் கதை, பழைய சண்டை, அடுத்த நிறுத்தத்தில் என்ன சாப்பாடு என்பது போதும். “உன்னால் முடியும்” என்று நூறு முறை கேட்டவருக்கு அது வெறும் சத்தம். “அந்த வளைவுவரை நடப்போம், அப்புறம் பார்க்கலாம்” என்பது பிடித்து நடக்க ஒரு கைத்தடி.

சஹாராவில் அந்த இடத்தைக் கூடாரத் தோழர்கள் நிரப்புகிறார்கள். முன்பின் அறியாத எட்டுப் பேர், அவரவர் புண்ணோடு, ஒரே விரிப்பில் படுக்கிறார்கள். ஒருவர் அடுப்பு மூட்டினால் இன்னொருவர் காற்றை மறைக்கிறார். நீண்ட கட்டத்தின் இரவில் முதலில் வந்தவர் கடைசியாக வருபவரின் இடத்தை விரித்து வைக்கிறார். ஊரில் இருக்கும் நண்பருக்கு மிஞ்சுவது கடிதம். பந்தயத்தின் இணையதளம் வழியே அனுப்பிய செய்திகளை அச்சிட்டு மாலையில் கூடாரத்துக்குக் கொண்டுவந்து கொடுப்பது அங்கே பல ஆண்டு வழக்கம். முடிவுக் கோட்டில் வைத்த கேமராவை வீட்டிலிருந்தே பார்க்கலாம், சில நொடி ஓர் உருவம் கையசைத்துக் கடந்துபோகும். இங்கே எழுதுகிறவருக்கு ஒரு பொறுப்பு உண்டு. வீட்டுக் கவலைகளை அந்தத் தாளில் ஏற்றக் கூடாது. பதில் சொல்லவோ தீர்க்கவோ முடியாத இடத்தில் இருப்பவரிடம் அவற்றைக் கொடுப்பது மூட்டையில் கல் வைப்பதற்குச் சமம்.

நிறுத்தச் சொல்வது

பேட்வாட்டரில் ஒவ்வொரு ஓட்டக்காரருக்கும் எண்ணிட்ட ஒரு முளைக்குச்சி தருவார்கள். உடம்பு தாங்காமல் தடத்தை விட்டு விலக நேர்ந்தால், விலகிய இடத்தில் அதை நட்டுவிட்டு வண்டியில் போய்க் குளிர்ந்து ஓய்வெடுத்து, அதே குச்சியிடம் திரும்பி வந்து தொடரலாம். கடிகாரம் மட்டும் நிற்காது. தொடர்வது, கைவிடுவது என்ற இரண்டு முடிவுக்கு நடுவில் ஒரு மூன்றாவது வழியை இந்தக் குச்சி நண்பருக்குக் கொடுக்கிறது. “விடு, போகலாம்” என்பதைக் கேட்க மறுப்பவர், “குச்சியை நட்டுவிட்டு அரைமணி படு” என்பதைக் கேட்பார். நரம்பில் திரவம் ஏற்றினால் மட்டும் அங்கே ஆட்டம் முடிந்தது, உடனே வெளியேற்றம். அதனால் டிரிப் தேவைப்படும் நிலைக்கு ஓட்டக்காரர் போகாமல் பார்ப்பதே குழுவின் திறமைக்கு அளவுகோல்.

சஹாராவில் நிறுத்தும் அதிகாரம் மருத்துவர்களுக்கும் நேர வரம்புக்கும் உண்டு. கூட்டத்தின் வாலில் ஒட்டகங்கள் வரும். அவற்றுக்குப் பின்தங்கினால் வெளியே. பல ஆண்டு இருந்த விதிப்படி டிரிப் ஏற்றியவர் நேரத் தண்டனையோடு தொடர முடிந்தது. 2021 அக்டோபரில் கடும் வெயிலும் வயிற்று நோயும் சேர்ந்து தாக்க, தொடங்கியவர்களில் பாதிக்கு அருகில் விலகினார்கள், ஓட்டக்காரர் ஒருவர் இறந்தும் போனார். அன்று விலகியவர்களின் நண்பர்கள் தொலைவில் இருந்தார்கள். அவர்களின் வேலை பிறகு தொடங்கியது: வீடு திரும்பியவர் தன்னைத் தோற்றவராக எண்ணாமல் பார்த்துக்கொள்வது. டெத் வேலியில் “நிறுத்து” என்றவரே பிறகு ஆறுதலும் சொல்ல வேண்டியிருக்கிறது, அந்த இரட்டை வேலை நட்பையே உரசிப் பார்க்கும்.

தீர்ப்பு

இரண்டையும் ஒரே உடம்பில் அறிந்தவர்கள் உண்டு. லிசா ஸ்மித் பேச்சன் பேட்வாட்டரில் பெண்கள் பிரிவில் வென்றவர், 1999-இல் மராத்தான் தே சாப்ல் பந்தயத்திலும் பெண்களில் முதலாவதாக வந்தார். அதே 1999-இல் மார்ஷல் உல்ரிக் டெத் வேலியிலிருந்து விட்னி உச்சிவரை, தனக்கு வேண்டிய தண்ணீரையும் பொருளையும் ஒரு வண்டியில் ஏற்றித் தானே இழுத்துக்கொண்டு கடந்தார். டெத் வேலியின் களத்தில் சஹாராவின் விதியைத் தனக்குத் தானே போட்டுக்கொண்டார் எனலாம். தனியே கடப்பதும் துணையோடு கடப்பதும் திறமையின் மேல்படி, கீழ்ப்படி அல்ல என்பதற்கு இவர்களே சான்று.

ஆனால் துணைநிற்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல. டெத் வேலி அவருடைய உடம்பைக் கேட்கிறது: தூக்கம், வெயில், பொறுமை. நிறுத்தச் சொல்லும் துணிவையும் கேட்கிறது. சஹாரா கேட்பது இன்னும் அரிதானது என்பது என் எண்ணம். நாம் இல்லாமலே அவர் சமாளிக்கும்படி அவரை ஆக்கிவிட்டு, பலன் தெரியாமல் ஒரு வாரம் காத்திருக்கச் சொல்கிறது. கூட இருந்து உதவுவதில் நம் முக்கியத்துவம் நமக்கே தெரியும், விலகி உதவுவதில் அந்த ஆறுதல்கூட இல்லை.

எந்தப் பாலைவனம் ஆனாலும், பெயர் கொடுத்த நண்பரிடம் அவர் தெளிவாக இருக்கும்போதே ஒரு பேச்சு நடந்தாக வேண்டும். எதற்காக ஓடுகிறாய், எந்த அறிகுறி வந்தால் நிற்பாய், நிற்கச் சொல்லும் உரிமை யாருக்கு? டெத் வேலியில் அந்த விடைகளை நண்பர் தன் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்வார், சஹாராவில் ஓடுகிறவர் தன் மனத்தில் எழுதிக்கொள்வார். அந்தப் பேச்சைத் தவிர்த்துவிட்டு எவ்வளவு ஐஸ் வாங்கினாலும், எவ்வளவு கிராம் குறைத்தாலும் துணை முழுமையாகாது. நண்பர் முடிவுக் கோட்டைத் தொட்டாரா என்பது துணையின் வெற்றிக்கு அளவே இல்லை. அடுத்த ஆண்டு மறுபடி ஓடும் உடம்போடும், மறுபடி நம்மையே அழைக்கும் மனத்தோடும் அவர் திரும்பி வந்தால் துணை தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.